என்ஜின் சத்தத்துல ஒரு வார்த்தை

ஜன்னலோரம் நீங்களே வச்சிக்கங்க சார், எனக்கு வேணாம். பைய மட்டும் கொஞ்சம் மடியில எடுத்துக்கினீங்கன்னா நான் உக்காந்துக்குவேன். ஆங், அவ்ளோதான். திண்டிவனமா? நானும் அங்கதான். இந்த மரக்காணம் பஸ்ஸுல செவ்வாக்கிழமைன்னா கூட்டமே இருக்காது, இன்னைக்கு இன்னாமோ இப்படி அடைக்குது.

மருந்து கம்பெனி தான சார் நீங்க? பைய வச்சே சொல்லிட்டேன் பாத்தீங்களா. ஆளப் பாத்தா கண்டுபுடிச்சிடுவேன், அது ஒரு பழக்கம். எங்க போட் ஹவுஸுல டிக்கெட் வாங்கிக்கினு போட்டு கட்டற ஜெட்டிக்கு நடந்து வர்றதுக்குள்ள நான் சொல்லிடுவேன், இவரு பேங்கு, இவங்க டீச்சரு, இது புதுசாக் கண்ணாலம் கட்டினது, இது கட்டாமலே வந்திருக்கறதுன்னு. ஆளப் பாத்துதான் சார் ஸ்பீடு குடுக்கணும். எல்லாருக்கும் ஒரே ஸ்பீடுன்னா அதுக்கு டிரைவரு எதுக்கு?

நான் ஸ்பீடு போட் டிரைவரு. டிரைவரா இருந்தேன்னு சொல்லணும், வாய் வர மாட்டேங்குது. பேரு தேசிங்கு. ராஜா பேரு. அவரு ஒத்தக் குதிரையில போனாரு, நான் நூத்திப் பதினஞ்சு குதிரையில போனேன். என்ஜின் பவரச் சொல்றேன் சார், நூத்திப் பதினஞ்சு எச்.பி. சிரிங்க, பரவால்ல, ஏறுற எல்லாருக்கும் சொல்ற ஜோக்குதான்.

நீங்க ஏறியிருக்கீங்களா ஸ்பீடு போட்ல? இல்லியா? பெடல் போட்டு மிதிச்சீங்களா? அது போட்டே இல்ல சார். அது தண்ணியில வுட்ட சைக்கிளு.

ஸ்பீடு போட்டுன்னா இன்னான்னு சொல்றேன் கேளுங்க. வலது கைக்குப் பக்கத்துல ஒரு லீவர் இருக்கும். மொதல்ல அதக் கொஞ்சமாத் தள்ளுவேன். மூக்கு மேல தூக்கும். முன்னாடி வானத்தத் தவிர ஒன்னும் தெரியாது, பின்னாடி அழுந்தும், என்ஜினு முக்கும். அந்த நேரத்துல எல்லாருக்கும் ஏன்டா ஏறினோம்னு இருக்கும். நான் தள்ளிக்கினே இருப்பேன். ஒரு எடம் வரும் சார். அது எங்க வரும்னு லீவர் மேல இருக்கற உள்ளங்கைக்குத்தான் தெரியும். சட்டுனு மூக்கு கீழ எறங்கி, பாரம் மொத்தமும் போயிடும். போட்டு எழும்பிடுச்சின்னு அர்த்தம். அதுக்கப்புறம் அது தண்ணியில போவல, தண்ணி மேல போவுது. உப்பங்கழியில இருக்கற நாரைங்க எல்லாம் ஒன்னா எழும்பும். கண்ணுல தண்ணி வரும், தொடைக்க முடியாது. உப்பளம், சவுக்குத் தோப்பு, கரையில நிக்கற ஆளு, எல்லாம் கோடு கோடாப் போவும். பதினோரு வருசம் ஓட்டினேன். ஒரு நாளைக்கு இருவது ரவுண்டு ஓட்டுனாலும் அந்த எடம் வர்றப்ப எனக்கு மொத ரவுண்டு மாதிரிதான் இருக்கும். அதுக்காகத்தான் நான் மீன் புடிக்கறத விட்டேன்னு ஊட்ல சொல்லுவாங்க. பொய் இல்ல.

அப்ப ஜனங்க கத்தும் பாருங்க. ஊட்ல மூச்சு விடாத பொம்பளைங்க கத்தும். பெரிய பெரிய ஆபீசருங்க கத்துவாங்க. எல்லாம் ஒரே வார்த்தைதான். போடு! போடுண்ணா! இன்னும் போடு!

போடுன்னா நான் போடுவேன். அதான் வேலை.

இந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ங்க சார், இந்த டிரைவரு கியர் மாத்தறதுல என் குரலு உங்களுக்குக் கேக்காது. கேக்குதா? நல்லாக் கேக்கணும்.

இப்ப ஒரு சந்தேகம் கேக்கறேன். படிச்சவரு, சொல்லுங்க. போடு, போதும், இந்த ரெண்டு வார்த்தையும் சொல்லிப் பாருங்க. மெதுவா இல்ல, இந்தப் பஸ்ஸு சத்தத்துக்கு மேல. வெக்கமா இருந்தா மனசுக்குள்ள சொல்லிப் பாருங்க. மொத எழுத்து ஒன்னுதான? ரெண்டாவது எழுத்து 'டு'வா 'து'வான்னு காத்துல யாரு கண்டா? கடைசில இருக்கற 'ம்' வரணும்னா வாய மூடணும். அம்பது கிலோமீட்டர் வேகத்துல காத்து அடிக்கறப்ப எவன் சார் வாய மூடறான்?

நான் இதப் பத்தி அஞ்சு மாசமா யோசிச்சிக்கினு இருக்கேன். வாத்தியாருங்க கூட இவ்ளோ யோசிச்சிருக்க மாட்டாங்க.

தை மாசம் சார். காணும் பொங்கல் கூட்டம் எல்லாம் ஓஞ்சி, அடுத்து வந்த ஞாயித்துக்கெழம. திண்டிவனத்துலேர்ந்து ஒரு அம்மா வந்தாங்க. தில்லைநாயகின்னு பேரு. அது எனக்கு அப்புறம்தான் தெரியும். ப்ளவுஸ் தைக்கற கடை வச்சிருக்காங்க, நேரு வீதிக்குப் பின்னாடி. பொங்கலுக்கு மூச்சு விட நேரம் இல்லாமத் தைச்சாங்களாம், அதுக்காகக் கடைப் பொண்ணுங்க நாலு பேரைச் சுத்திக் காட்டக் கூட்டிக்கினு வந்திருக்காங்க. கழுத்துல அளவு டேப்பு தொங்குது சார்! கழட்ட மறந்து அப்படியே பஸ்ஸு ஏறி வந்திருக்காங்க. பொண்ணுங்க அதச் சொல்லிச் சொல்லிச் சிரிக்குதுங்க. அந்தம்மாவும் சிரிக்கறாங்க. நாப்பத்தஞ்சு வயசு இருக்கும். கட்டையான குரலு. மிஷினு சத்தத்துக்கு மேல பேசிப் பேசி அப்படி ஆயிருக்கும். குரலு கட்டைன்றத ஞாபகம் வச்சிக்கங்க.

அவங்க ஏறல மொதல்ல. "எனக்கு வேணாந்தம்பி, பொண்ணுங்களக் கூட்டிப் போங்க, நான் இங்க உக்காந்து பாக்கறேன்"ன்னாங்க.

வேணான்னு சொன்னா நம்மூர்ல யாரு சார் நம்பறா? எங்க அம்மன் கோயில் சோத்துக்கு வருசா வருசம் நான்தான் சாம்பார் ஊத்தறவன். இலையில உக்காந்திருக்கறவன் போதும் போதும்னுதான் சொல்லுவான். நிறுத்தறோமா? நிறுத்துனா அவனுக்கே கோவம் வரும். இன்னும் ஒரு கரண்டி ஊத்துனா ஒழுங்காச் சாப்பிடுவான். வாயால சொல்ற போதும் மரியாதைக்கு. இலைக்குக் குறுக்க கையக் கொண்டாந்து விரிச்சான் பாருங்க, அப்பதான் நெசமாலுமே போதும். அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான? உங்களுக்கும் தெரியும்.

அதனால நான் விடல. "வாங்கக்கா, இவ்ளோ தூரம் வந்துட்டு கரையிலயா உக்காருவீங்க? வேணாம் வேணான்றவங்கதான் எறங்கறப்ப இன்னொரு ரவுண்டு கேப்பாங்க"ன்னேன். பொண்ணுங்களும் அக்கா அக்கான்னு இழுத்துதுங்க. வந்துட்டாங்க. கையப் புடிச்சி நான்தான் ஏத்தினேன்.

பின் சீட்டுல நாலு பேரு உக்காந்துட்டா இடம் இல்ல. முன்னாடி, எனக்கும் முன்னாடி, மூக்குக்கிட்ட ஒரு சீட்டு இருக்கு. அங்க உக்கார வச்சேன். யாரும் உக்காரக் கூடாதுன்னு போர்டு இருக்குதான். இருக்கும் சார். போர்டு எழுதறவன் போட்டு ஓட்டறானா? பின்னாடியே எல்லாப் பாரமும் இருந்தா மூக்கு எறங்க நேரம் ஆவும், அந்த எடம் லேட்டா வரும். முன்னாடி ஒரு ஆளு இருந்தா சுருக்கா எழும்பும். அதுவும் இல்லாம அங்கதான் சார் நெசமான த்ரில்லு. முன்னாடி கண்ணாடி இல்ல, கம்பி இல்ல, ஒன்னும் இல்ல. நீங்களும் தண்ணியும்தான். அந்தம்மாவுக்கு நல்லத குடுக்கணும்னுதான் அங்க வச்சேன். ஏழு மிஷினு கட்டி மேய்க்கறவங்க, என்னைக்காவது ஒரு நாளு வெளிய வந்திருக்காங்க. நான் கெட்ட எண்ணத்துல வைக்கல.

கெளம்பினேன். எழும்பிச்சி. பின்னாடி பொண்ணுங்க கிறீச்சுனு கத்துதுங்க. அந்தம்மா முதுகு மட்டும் தெரியுது எனக்கு. டேப்பு காத்துல அடிச்சிக்கினு இருக்குது. அப்பதான் மொத தடவ கேட்டுது சார்.

போடு.

தெளிவா. காதுக்குப் பக்கத்துல சொன்ன மாதிரி.

போட்டேன். முழு லீவரும் போட்டேன். முகத்துவாரம் வரைக்கும் போயி, அங்க ஒரு வெட்டு வெட்டித் திரும்பினா, நம்ம போட்டு வந்த வழியில கெளப்பி விட்ட அலை இன்னும் அடங்காம நிக்கும். அதக் குறுக்கால வெட்டினா போட்டு மொத்தமா அந்தரத்துல போயி டமால்னு வந்து விழும். தோசையத் திருப்பிப் போடறதுன்னு சொல்லுவோம் எங்களுக்குள்ள. ஜனங்களுக்கு ரொம்பப் புடிச்சது அதுதான். வேற யாரோட அலையும் இல்ல சார், நாம போட்ட அலைதான் நம்மளத் தூக்கி அடிக்கும்.

தூக்கிச்சி. விழுந்துது. பின்னாடி உக்காந்தவங்களுக்கு அது ஊஞ்சல் மாதிரி. முன்னாடி உக்காந்தவங்களுக்கு ரெண்டாள் ஒசரத்துலேர்ந்து சிமெண்டுத் தரையில உக்கார்ற மாதிரின்னு டாக்டரு சொன்னாரு. எனக்கு அது தெரியாது. பதினோரு வருசத்துல நான் ஒரு தடவ கூட அந்த சீட்டுல உக்காந்ததில்ல.

விழுந்தவுடனே மறுபடியும் கேட்டுது. போடு! போடு! ரெண்டு தடவ. சந்தோசமா. நான் பொய் சொல்லுவேனா சார்? அவ்ளோ சந்தோசமான குரலு. மொத தடவ விழுந்தப்புறம் ஒரு மனுசி போடுன்னு கேக்கறாங்கன்னா அவங்களுக்கு ஒன்னும் ஆவலன்னுதான அர்த்தம்? நீங்க என் எடத்துல இருந்தா இன்னா பண்ணுவீங்க? இன்னொரு தோசை போட்டேன். அப்புறம் ஒன்னு. மொத்தம் மூணு.

இதுல ஒரு விசயம் நான் யாருக்கும் சொல்லல. என் சம்சாரம் கன்னியம்மாவுக்கும் சொல்லல. உங்கள எனக்குத் தெரியாது, என்னை உங்களுக்குத் தெரியாது, அதனால சொல்றேன். ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் நடுவுல அந்தம்மா இடது கையப் பின்னாடி கொண்டாந்தாங்க. என் பக்கமா. ஒசத்தல. கைய ஒசத்தி ஆட்டுவாங்க சார், ஜாலியா, சினிமாவுல வர்ற மாதிரி, அது வேற. இது இடுப்புக்கிட்டயே, தாழ்த்தி, விரல விரிச்சி, உள்ளங்கை கீழ பாக்கற மாதிரி.

இலை மேல வைக்கற மாதிரிதான். நான் பாத்தேன். பாத்துட்டு, புடிமானத்துக்குக் கம்பி தேடறாங்கன்னு நெனச்சேன். நெனச்சேனா, இல்ல நெனச்சதா இப்ப சொல்றேனா, எனக்கே தெரியல. கண்ணு கையப் பாத்துது, காது போடுன்னு கேட்டுது. நான் காத நம்பினேன்.

ஜெட்டிக்கு வந்தோம். பொண்ணுங்க எல்லாம் குதிச்சி எறங்கிடுச்சிங்க. சுடிதாரு நனைஞ்சி, முடி கலைஞ்சி, ஒன்ன ஒன்னு பாத்துச் சிரிச்சிக்கினு. நான் கயித்தக் கட்டிட்டு, "இன்னாக்கா, எறங்க மனசு வரலியா? இன்னொரு ரவுண்டா?"ன்னு கேட்டேன். சிரிச்சிக்கினே கேட்டேன் சார்.

அவங்க திரும்பல. மெதுவாத்தான் சொன்னாங்க. "கால் எங்க இருக்குன்னு தெரியல தம்பி."

முருக்கேரியா இது? இல்ல, இன்னும் வரல. உங்களுக்குத் தண்ணி வேணுமா சார்? என்கிட்ட பாட்டில் இருக்கு. மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சே உங்களுக்கு.

முதுகெலும்பு சார். இடுப்புக்கு மேல ஒரு எலும்பு நொறுங்கி உள்ள குத்தியிருக்கு. ஆப்பரேசன் ஆச்சி. ஒரு காலு இப்ப கொஞ்சம் உணர்ச்சி வருதாம், ஒரு காலு வரல. பெல்ட்டு போட்டு உக்கார முடியுது. மிஷினு மிதிக்க முடியாது. நான் டாக்டருகிட்ட ஒன்னே ஒன்னுதான் கேட்டேன், "எந்த அடியில போச்சி?"ன்னு. மூணு இருக்குதுல்ல, அதுல எது? அவரு என்னை ஒரு மாதிரி பாத்தாரு. "மொத அடியிலயே விரிசல் விட்டிருக்கலாம், அப்புறம் விழுந்தது அத நொறுக்கியிருக்கலாம்"ன்னாரு. அப்ப மொத அடியோட நான் நிறுத்தியிருந்தா? அவரு அடுத்த ஆளக் கூப்பிட்டாரு. பதில் அதுலயே இருக்கு.

அதனாலதான் சார் அந்த வார்த்தை. உங்களுக்குப் புரியுதுல்ல? மொத அடிக்கு அப்புறம் அவங்களே போடுன்னு கேட்டிருந்தா, அது விதி. ஒரு கூலி வேலைக்காரன் கேட்டதக் குடுத்தான். அவங்க போதும்னு கத்தி, அது என் காதுல போடுன்னு விழுந்திருந்தா, அது காத்தோட தப்பு, என்ஜினோட தப்பு, தமிழோட தப்பு. பாதி என் தப்புன்னு கூட ஒத்துக்கறேன். ரெண்டுல எதுவா இருந்தாலும் எனக்குச் சோறு எறங்கும். எதுன்னு தெரியணும், அவ்ளோதான்.

அவங்க கேஸு போடல. ஒரு புகாரு கூடக் குடுக்கல. குடுத்திருந்தா நல்லா இருந்திருக்கும் சார். எங்கனா ஒரு மேசைக்கு முன்னாடி நிக்க வச்சிக் கேட்டிருப்பாங்க, நானும் இதெல்லாம் சொல்லியிருப்பேன், யாராவது ஒருத்தர் எழுதி முடிச்சி மூடியிருப்பாங்க.

எங்க மேனேஜரு என்னை லீவரு தொட விடல அதுக்கப்புறம். பெடல் போட்டுக்கு மாத்திட்டாரு. வாத்து மாதிரி செஞ்சி வச்சிருக்கும் பாருங்க, அதுக்கு லைப் ஜாக்கெட் மாட்டி விடறது. தேசிங்கு ராஜா வாத்து மேய்க்கறாருன்னு டீக்கடையில பேசறானுங்க. பேசட்டும். அது இல்ல எனக்குக் கஷ்டம். என்ஜினே ஓடல சார், வெயில் நேரம், கழியில ஒரு ஆளு இல்ல, தண்ணி அசையாம கெடக்கு. அப்ப கேக்குது. போடு. திரும்பிப் பாத்தா யாரும் இல்ல. ஊட்ல கன்னியம்மா சோறு போட வந்து நிக்கறா, அவ வாயத் தொறக்கறதுக்குள்ள கேக்குது. பஸ்ஸுல காத்துப் பக்கம் உக்காந்தா நிறுத்தாம கேக்குது, அதுக்குத்தான் ஜன்னல் வேணான்னேன். அது அழற குரலா இருந்தாக் கூடத் தாங்கிக்குவேன் சார். வலியில கத்தற குரலா இருந்தா, ஐயோ பாவம்னு நெனச்சி ஒரு கற்பூரம் ஏத்தலாம். அது சிரிக்கற குரலு. ரொம்ப சந்தோசமா இருக்கற ஒருத்தரோட குரலு. அதக் கேட்டா எனக்கு மயிரு கூச்செறியுது.

சித்திரையில ஒரு நாளு துணிஞ்சி போயிட்டேன், அந்தம்மா ஊட்டுக்கே. முன் ரூம்புலதான் மிஷினு எல்லாம். பொண்ணுங்க என்னைப் பாத்துட்டு மிதிக்கறத நிறுத்திட்டாங்க. நிவேதான்னு ஒரு பொண்ணு, அன்னைக்குப் பின் சீட்டுல இருந்தது, எழுந்து வாசலை மறிச்சிக்கினு நின்னுது. உள்ளேர்ந்து அந்தம்மா குரலு வந்துது. "யாரும்மா? போட்டுத் தம்பியா? வரச் சொல்லு. நாற்காலி போடு."

நாற்காலி போட்டாங்க. டீ குடுத்தாங்க. அந்தம்மா கட்டில்ல சாஞ்சி உக்காந்து ஒரு ப்ளவுஸுக்குக் கொக்கி வச்சிக்கினு இருந்தாங்க. "சாப்பிட்டீங்களா தம்பி?"ன்னு கேட்டாங்க. திட்டுவாங்கன்னு போனேன் சார் நான். திட்டல.

நான் சுத்தி வளைக்கல. "அக்கா, அன்னைக்கு நீங்க இன்னா சொல்லிக் கத்தினீங்க? போடுன்னா, போதும்னா?"

அவங்க ஊசிய நிறுத்திட்டு யோசிச்சாங்க. நெசமாலுமே யோசிச்சாங்க. "நான் எங்க தம்பி கத்தினேன்? மொத தடவ விழுந்ததுமே எனக்கு மூச்சு நின்னு போச்சி. வாயத் தொறந்தா சத்தம் வரல. அதனாலதான் கையக் காட்டினேன்."

"இல்லக்கா, போடு போடுன்னு எனக்குக் கேட்டுச்சே."

"ஆமா, எனக்கும் கேட்டுது"ன்னாங்க. அவ்ளோதான் சொன்னாங்க. திரும்பவும் ஊசியக் குனிஞ்சி பாத்துக்கினாங்க.

எனக்கும் கேட்டுதாம். அப்ப யாரோ சொல்லியிருக்காங்கன்னு அவங்களே ஒத்துக்கறாங்க பாருங்க. அடிபட்ட அதிர்ச்சியில, தானே சொன்னத மறந்துட்டாங்க. டாக்டருங்க சொல்லுவாங்களே, அப்படி ஆவும்னு? நீங்க மருந்து கம்பெனி, உங்களுக்குத் தெரியும். இல்லன்னா பின் சீட்டுல ஒரு பொண்ணு சொல்லியிருக்கணும். கேட்டேன். நாலு பேரையும் நிக்க வச்சிக் கேட்டேன். "நாங்க ஐயோ அம்மான்னுதான் கத்தினோம்"னு நாலும் ஒரே மாதிரி சொல்லுதுங்க. சொல்லி வச்ச மாதிரி. போட்டுல இருந்தது அஞ்சு பொம்பளைங்க, நான் ஒருத்தன். அஞ்சுல ஒன்னுதான சொல்லியிருக்கணும்? கணக்கு சரிதான சார்?

வாசல் வரைக்கும் வந்து அந்த நிவேதா சொல்லுச்சி, "அண்ணா, உங்களுக்கு நெசமாலுமே தெரியாதா? நான் அன்னைக்கு ஃபோன்ல புடிச்சேன். அனுப்பறேன், கேட்டுப் பாருங்க"ன்னு. என் நம்பர் வாங்கிக்கினு அனுப்புச்சி.

முருக்கேரி போயிடுச்சி. இதோ பிரம்மதேசம். இன்னும் கொஞ்ச நேரந்தான்.

நான் கேட்டேன் சார். எத்தினி தடவன்னு எண்ணல. எனக்குப் பொம்பளைக் குரலாத்தான் கேக்குது. கட்டைக் குரலு, சொன்னேன்ல, மிஷினு சத்தத்துல பேசிப் பேசிக் கட்டையான குரலு. ஆனா என் காத நான் நம்பறதுக்கு இல்ல இப்ப. கன்னியம்மாகிட்ட குடுத்தேன். அவ ஒரு தடவதான் கேட்டா. ஃபோனை என் கையிலயே வச்சிட்டு, சாப்பிட வாங்கன்னு உள்ள போயிட்டா. தெரிஞ்சவங்க எல்லாம் இப்படித்தான், மூஞ்சிக்காகப் பேசுவாங்க, மூஞ்சிக்காகப் பேசாம இருப்பாங்க. அதனாலதான் தெரியாதவங்கள்ட்ட கேக்கறேன். செவ்வாக்கிழம எங்களுக்கு லீவு. ஒவ்வொரு வாரமும் இந்தப் பஸ்ஸுல ஏறி, யாராவது ஒரு நல்ல மனுசர் பக்கத்துல உக்கார்றது. திண்டிவனத்துல எறங்கி அந்தம்மா தெருமுனை வரைக்கும் போறது. உள்ள போவ முடியல. பொம்பளைக் குரல்தான்னு ஒருத்தர், ஒரே ஒருத்தர் சொல்லிட்டா, நான் நேரா உள்ள போயி, "அக்கா, நீங்கதான் கேட்டீங்க, மறந்துட்டீங்க, பரவால்ல"ன்னு சொல்லி, அவங்க கையப் புடிச்சிக்கினு அழுதுட்டு வந்துடுவேன். அதுக்கப்புறம் அது கேக்காது. கேக்காதுன்னு எனக்கு நல்லாத் தெரியும்.

இத்தினி நேரம் வாய் ஓயாம நான் உங்ககிட்ட பேசுனது இதுக்குத்தான் சார், தப்பா நெனச்சிக்காதீங்க. என் குரலு எப்படி இருக்கும்னு உங்களுக்கு இப்ப நல்லாத் தெரியும். மெதுவாப் பேசியும் கேட்டிருக்கீங்க, சத்தமாப் பேசியும் கேட்டிருக்கீங்க. நிவேதா ஒரு மாதிரி சொல்லுச்சில்ல, நெசமாலுமே தெரியாதான்னு, அது மனசுல கெடந்து அறுக்குது. அது இல்லன்னு உங்க வாயால வரணும். என் குரலு இல்ல, பொம்பளைக் குரலுன்னு. அவ்ளோதான் கேக்கறேன்.

இந்தாங்க, இத காதுல மாட்டிக்கங்க. ரெண்டு காதுலயும். சத்தம் முழுசா வச்சிருக்கேன், நாப்பது செகண்டுதான். மொதல்ல வெறும் காத்து வரும், அது இல்ல. பொண்ணுங்க கத்தும், அதுவும் இல்ல. இருங்க. ஆங், இப்ப. இந்த எடம். தூக்குது பாருங்க. கேட்டுச்சா? போடு, போடுன்னு? விழுந்ததுக்கப்புறம் மறுபடியும் வரும், சிரிப்போட வரும்.

ஏன் சார் கழட்டிட்டீங்க? இன்னும் முடியல. இன்னொரு தடவ வேணா போடறேன். வாயால சொல்லச் சங்கடமா இருந்தா தலைய ஆட்டுங்க. பொம்பளைன்னா இப்படி.

சொல்லுங்க சார். பைய எடுக்காதீங்க, இன்னும் பஸ் ஸ்டாண்டு வரல. போன வாரம் ஒரு வாத்தியாரு, அதுக்கு முந்தின வாரம் பூ விக்கற அம்மா ஒருத்தங்க. நல்லாத்தான் கேட்டாங்க, நல்லாத்தான் பேசிக்கினு வந்தாங்க. ஃபோனுல யாரு பேசறாங்கன்னு கேளுங்கன்னா, கேட்டுட்டு, எல்லாரும் உங்கள மாதிரியே என் வாயத்தான் பாக்கறாங்க.